கோப்பை நகர்த்தினால் அதன் வரலாறு எங்கே போகும்?

1972ல் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மார்க் ராச்கைண்ட் எஸ்.சி.சி.எஸ் என்று ஒரு மென்பொருள் எழுதினார். ஒரு நிரல் கோப்பை யார் மாற்றினார்கள், எப்போது, எதற்காக என்ற விவரங்களை எல்லாம் பழைய பதிப்புகளோடு சேர்த்து வைத்துக்கொள்வது தான் அதன் வேலை. பத்து வருடம் கழித்து பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிஷி எழுதிய ஆர்.சி.எஸ், கடைசிப் பதிப்பை முழுதாகவும் பழையவற்றை வெறும் வித்தியாசங்களாகவும் வைத்தது. இரண்டிலுமே ஒரு கோப்புக்கு ஒரு வரலாற்றுக் கோப்பு. அவ்வளவு தான்.

ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூன் என்ற ஆசிரியர் தன் இரண்டு மாணவர்களோடு ஒரு சி கம்பைலர் வேலையில் இருந்தார். மூவரும் வேலை செய்யும் நேரம் வேறு வேறு. ஒருவர் பூட்டி வைத்த கோப்புக்காக இன்னொருவர் காத்திருக்க முடியாது! அதற்காக ஆர்.சி.எஸ் மேல் அவர் கட்டிய ஸ்கிரிப்டுகள் தான் சிவிஎஸ். 1986ல் வெளியிட்டார். பிறகு பதினைந்து வருடங்களுக்கு மேல் திறமூல உலகமே அதில் தான் ஓடியது.

ஆனால் அஸ்திவாரம் பழையது. சிவிஎஸ்ஸுக்குத் தெரிந்தது தனித்தனிக் கோப்புகள் மட்டுமே. அடைவு என்ற ஒன்றின் வரலாறு அதற்குத் தெரியாது. பெயரை மாற்ற வேண்டும் என்றால் பழைய கோப்பை நீக்கி, புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீக்கிய கோப்பு 'பரண்' என்ற பொருளில் ஆட்டிக் என்ற அடைவுக்குள் போய்விடும் (பெயர் பொருத்தம்!). புதிய கோப்போ நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி, எண் 1.1ல் தொடங்கும். அந்த வரியை ஐந்து வருடம் முன்பு யார், ஏன் எழுதினார் என்று கேட்டால் பதில் வராது. சர்வரில் நுழைந்து வரலாற்றுக் கோப்பையே கையால் நகர்த்தியவர்களும் உண்டு. அப்போது வரலாறு கூடவே வரும், ஆனால் பழைய பதிப்பை எடுத்தால் கோப்பு அன்று இருந்த இடத்தில் இருக்காது, பில்ட் உடையும். இதற்குப் பயந்தே பல திட்டங்களில் தவறான அடைவில் கிடந்த கோப்பு அங்கேயே கிடந்தது.

2000ல் தொடங்கி 2004 பிப்ரவரியில் 1.0 ஆன சப்வெர்ஷன் இதைத் தீர்த்தது. அடைவுக்கும் வரலாறு, களஞ்சியம் முழுவதற்கும் ஒரே பதிப்பு எண், ஒவ்வொரு கோப்புக்கும் பண்புகள்: இது இயக்கக்கூடியதா, என்ன வகை, வரி முடிவு எப்படி என்று. ஒழுங்கான, நேர்மையான விடை.

அடுத்த வருடமே லினஸ் டோர்வால்ட்ஸ் நேர் எதிராகப் போனார். லினக்ஸ் கெர்னல் 2002 முதல் பயன்படுத்திய பிட்கீப்பரின் இலவச உரிமம் 2005 ஏப்ரலில் பறிபோக, சில நாட்களில் கிட் பிறந்தது. அதில் கோப்பின் உள்ளடக்கத்துக்குப் பெயரே கிடையாது. அதன் ஷா-1 எண் தான் அடையாளம். பெயரும் இயக்கும் அனுமதியும் தனியாக ஒரு மரத்தில். எழுதியவர், தேதி, காரணம் இன்னொரு இடத்தில். பெயர் மாற்றத்தை அது பதிவு செய்வதே இல்லை! பார்க்கும்போது இரண்டு கோப்புகள் பாதியாவது ஒத்திருந்தால், இது அதுவாக இருக்கும் என்று ஊகிக்கிறது. ஒரு செயற்கூறு கோப்பு விட்டுக் கோப்பு தாவுவதையும் பின்தொடர வேண்டும், கோப்பின் பெயர் முக்கியமில்லை என்பது லினஸின் வாதம். துணிச்சல் தான். ஒரே கமிட்டில் நகர்த்தி, நிறையத் திருத்தியும் விட்டால் ஊகம் தோற்றுவிடும். காலி அடைவை வைக்கவும் கிட்டுக்குத் தெரியாது.

2017 பிப்ரவரியில் ஒரே ஷா-1 எண் கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகள் வெளியாயின. வெப்கிட் திட்டத்தில் சோதனைக்காக இரண்டையும் சேர்த்தபோது உடைந்தது, இடம் மிச்சப்படுத்த மட்டும் ஷா-1ஐ நம்பிய சப்வெர்ஷன் களஞ்சியம். கிட்டில் அந்த இரண்டும் மோதவில்லை. கணக்கிடும் முன் கோப்பின் வகையையும் அளவையும் அது முன்னால் ஒட்டிக்கொள்வதால், இரண்டுக்கும் வேறு வேறு எண் கிடைத்தது.