சோதித்துப் பார்த்த சொல்: எலிசா ஆக்டனும் சமையற்குறிப்பின் வரலாறும்

கவிஞராக அறிமுகமாகிச் சமையல் நூலாசிரியராகப் பெயர் நிலைத்த பெண்மணி ஒருவர் ஆங்கில இலக்கிய உலகில் உண்டு. எலிசா ஆக்டன் என்னும் அவ்வம்மையார் 1799ஆம் ஆண்டு ஏப்பிரல் 17ஆம் நாள் சசெக்ஸ் பகுதியிலுள்ள பேட்டில் என்னும் ஊரில் பிறந்தார். இப்ஸ்விச் நகரில் வளர்ந்தார். தந்தையார் மதுவடிப்புத் தொழில் நடத்தியவர். மகளோ பதினேழு வயதிலேயே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். 1826இல் அவருடைய கவிதைத் தொகுதி இப்ஸ்விச்சில் வெளிவந்தது. முன்பதிவு செய்தோரின் ஆதரவால் அச்சேறிய அந்நூல் அதே ஆண்டில் இரண்டாம் பதிப்பும் கண்டது. மறு ஆண்டே தந்தையின் தொழில் நொடித்துப் போயிற்று. ஆக்டன் தாயாருடன் கெண்ட் பகுதியிலுள்ள டன்பிரிட்ஜில், போர்டைக் இல்லத்தில் குடியேறினார்.

அடுத்துச் சொல்லப்படும் நிகழ்ச்சி செவிவழிச் செய்தியாகவே வழங்கிவருகிறது. 1830களின் இடைப்பகுதியில் ஆக்டன் புதிய கவிதைகளுடன் இலண்டனின் லாங்மன் பதிப்பகத்தாரை அணுகினாராம். கவிதை விலைபோகாது, நல்லதொரு சமையல் நூல் எழுதித் தாருங்கள் என்றாராம் பதிப்பாளர். நிகழ்ச்சி அவ்வாறே நடந்ததோ இல்லையோ, 1845இல் அதே பதிப்பகம் அவருடைய 'மாடர்ன் குக்கரி' என்னும் பெருநூலை வெளியிட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ பத்தாண்டுகளே இக்கட்டுரையின் பொருள். அப்பத்தாண்டுகளில்தான், இன்று பதிப்பகங்கள் ஊதியம் தந்து செய்விக்கும் ஒரு தொழில், பெயரில்லாமல் ஒரு வீட்டுச் சமையலறையில் உருவாயிற்று. எழுதப்பட்ட செய்முறையைச் சமைத்துச் சோதித்துத் திருத்தும் தொழில் அது.

அதற்கு முன்னர்ச் சமையல் நூல்கள் இல்லாமல் இல்லை. 1747இல் வெளிவந்த ஹன்னா கிளாஸின் நூல் நூறாண்டுக் காலம் ஆங்கிலேய இல்லங்களில் ஆட்சி செலுத்தியது. ஆயினும் அக்கால நூல்களின் செய்முறைகள் பல முந்தைய நூல்களிலிருந்து எடுத்து அடுக்கப்பட்டவை. அளவுகளோ, அக்ரூட் கொட்டையளவு வெண்ணெய், நாணயத்தின்மேல் நிற்குமளவு பொடி என்ற பாங்கில் அமைந்தவை. ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவருக்கு நினைவூட்டும் குறிப்பாக அவை பயன்பட்டன. தெரியாதவருக்குத் துணை செய்யவில்லை. நம் வீடுகளில் கைப்பக்குவம் என்று சொல்கிறோமே, அது பாட்டியின் கையிலிருந்து பேத்தியின் கைக்கு அருகிருந்தே கடந்து செல்வது. எழுத்தில் இறங்கும்போது கை பின்தங்கிவிடுகிறது. அந்தக் கையின் வேலையைச் சொல் செய்தாக வேண்டும். ஆக்டன் எதிர்கொண்ட சிக்கல் இதுதான். கவிஞருக்கு இது புதிய சிக்கலும் அன்று.

அவர் கண்ட தீர்வு எளியது, ஆனால் உழைப்பு மிகுந்தது. தம் கூரையின்கீழ், தம் கண்முன் செய்து பார்த்த பின்னரே செய்முறைகளை ஏற்பதை அவர் நெறியாகக் கொண்டார். நூலின் முழுத்தலைப்பிலேயே, செய்முறைகள் கண்டிப்பாகச் சோதிக்கப்பட்டவை என்ற உறுதிமொழி இடம்பெற்றது. தமிழில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட நூலுக்குச் 'சமைத்துப் பார்' என்று பெயர். படிப்பவரை நோக்கிய ஏவல் அது. 'சமைத்துப் பார்த்தேன்' என்று எழுதியவர் முதலில் சொல்லக்கூடுமானால்தான் அந்த ஏவலுக்கு உரிமை பிறக்கிறது. ஆக்டனின் தலைப்பு அந்த உரிமையை வாசலிலேயே நாட்டியது.

சோதனை என்பது ஒருமுறை சமைத்துச் சுவைப்பதன்று. எழுதியபடியே செய்ய வேண்டும். கை தானாகச் செய்யும் திருத்தத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும். எங்கே கை எழுத்தை மீறியதோ அங்கே எழுத்தில் குறையுண்டு என்று அறிய வேண்டும். பின்னர் ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் செய்ய வேண்டும். வெப்பமானி இல்லாத நிலக்கரி அடுப்புக் காலத்தில் இது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அடுப்பின் சூட்டை அளவு சொல்லிக் குறிக்க வழியில்லை. மெல்லிய சூடு, விரைந்த சூடு என்று சொல்லால்தான் குறிக்க முடியும். பருவத்தில் மட்டும் கிடைக்கும் காய்க்குரிய செய்முறை பிழைத்தால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். கெட்டுப்போன முட்டைக்கும் வெண்ணெய்க்கும் எந்தப் பதிப்பாளரும் கணக்குக் கேட்பதில்லை.

இவ்வுழைப்பிலிருந்து ஒரு வடிவம் பிறந்தது. ஆக்டன் ஒவ்வொரு செய்முறையையும் தெளிந்த உரைநடையில் எழுதி, அதன் இறுதியில் பொருள்களின் பெயரையும் அவுன்ஸ், பவுண்டு கணக்கையும் வேகும் நேரத்தையும் சுருக்கமாகத் தொகுத்துத் தந்தார். தேவையான இடங்களில் தனிக்குறிப்பும் சேர்த்தார். இன்று சமையற்குறிப்பு என்றதும் நம் கண்முன் தோன்றும் பட்டியலுக்கு அச்சிட்ட ஆங்கில நூல்களில் அதுவே முன்னோடி.

இந்நூலில் தமிழர் தம் சொல்லொன்றைச் சந்திக்கலாம். மிளகுத் தண்ணீர் என்னும் நம் சொல், சென்னையிலிருந்த ஆங்கிலேயர் நாவில் உருத்திரிந்து, 'முல்லகட்டானி' சூப்பாக ஆக்டனின் பக்கங்களில் நிற்கிறது. வறுத்த வெங்காயமும் இறைச்சியும் கறிப்பொடியும் சேர்ந்த அந்தக் கெட்டிச் சாற்றில் நம் இரசத்தின் சாயல் மிகக் குறைவே. எனினும் அதனுடன் பரிமாறுவதற்கான சோற்றை வடிக்கும் முறைக்குத் தனிச் செய்முறையே எழுதினார் அவர். கறிவகைகளைப் பற்றிய அவருடைய கருத்து இன்னும் வியப்புக்குரியது. கீழைநாட்டுக் கறிகள் இங்கிலாந்தில் ஆக்கப்படுவனவற்றினும் மேம்பட்டிருப்பதற்குச் சமைப்போரின் திறக்குறை மட்டும் காரணமன்று. பசுமையாகச் சேர வேண்டிய பொருள்கள் அங்கே கிட்டாமையும் காரணம் என்றார். மஞ்சளையும் மிளகாய்ப் பொடியையும் அள்ளிப் போடும் வழக்கத்தைக் கண்டித்தார். போலிக் கறிப்பொடிகளைச் சுட்டிக் காட்டினார். துருவிய தேங்காயைக் குழம்பில் ஒரு மணி நேர அளவு வேகவிட்டால் சுவை கூடும் என்று எழுதினார். இந்திய மண்ணை மிதியாத ஒருவர் தேங்காயின் பயனைத் துணிந்து சொல்ல முடிந்தது, நாவும் அடுப்பும் தந்த சான்றினால் ஆகலாம்.

கவிஞரின் குறும்பும் நூலில் உண்டு. 'பதிப்பாளர் புட்டிங்', 'ஏழை எழுத்தாளர் புட்டிங்' என இரண்டு இனிப்புகள் அதில் இடம்பெற்றுள்ளன. முன்னதில் வாதுமை, பாலேடு, பிராந்தி எனச் செல்வம் கொழிக்கிறது. பின்னதில் பால், முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகள் போன்ற எளிய பொருள்களே. எழுதுவோர் எவரும் இவ்விரண்டையும் சிரிக்காமல் படித்திருக்க முடியாது.

நூலின் முகப்பில் இருப்பது ஒரே பெயர். ஆனால் போர்டைக் இல்லத்து அடுக்களையில் ஆன் கிர்பி என்னும் பணிப்பெண்ணும் இருந்தார். எத்தனை முறை மாவு பிசைந்தார், எந்தச் செய்முறை அவர் சொல்லால் திருந்தியது என்பதற்கு ஏட்டில் தடமில்லை. சோதனையின் இயல்பே அதுதான்: செய்முறை சரியாக வந்துவிட்டால், அதற்கு முன் தவறிய முறைகளும் அவற்றைச் சுமந்த கைகளும் மறைந்துவிடுகின்றன.

இந்த மறைவே ஆக்டனுக்கும் தீங்காக முடிந்தது. நூல் புகழ்பெற்றதும் பிறர் அதிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துத் தம் நூல்களில் சேர்த்துக்கொண்டனர். ஆக்கியோன் பெயரும் நூல் வந்த வழியும் பாயிரத்தில் சொல்லப்பட வேண்டும் என்பது நன்னூலார் வகுத்த நெறி. முதல்நூலைச் சொல்லாத வழிநூல் நம் மரபில் மதிப்புப் பெறாது. ஆங்கிலச் சமையல் நூலுலகில் அந்நெறி இல்லை. 1855ஆம் ஆண்டுத் திருந்திய பதிப்பின் முன்னுரையில் ஆக்டன் தம் பொறுமை இழந்தார். தற்பெருமை என்று தோன்றினாலும் தற்காப்புக்காகவே பல செய்முறைகளின் தலைப்பில் அவை ஆசிரியருடையவை என்று குறிக்க நேர்ந்தது என்றார். நூலுக்காக மேற்கொண்ட மிகையுழைப்பின் தண்டனையைத் தம் உடல் அனுபவிக்கும்போது, அறியாதவர்கள் அதன் புகழையும் பொருளையும் அமைதியாகக் கொண்டுபோவதைக் காணப் பொறுக்கவில்லை என்றார். பட்டியலைப் படியெடுக்கச் சில நிமிடங்கள் போதும். அதன் ஒவ்வொரு எண்ணும் நாள்கணக்கில் ஈட்டப்பட்டது. முன்னுரையின் சினத்துக்கு இந்த வேறுபாடே காரணம்.

1857இல் ரொட்டி பற்றித் தனி நூலொன்றை எழுதினார். கடையில் விற்கும் ரொட்டியின் கலப்படத்தைக் கண்டித்து, வீட்டிலேயே சுடும் வழியைச் சொன்ன நூல் அது. 1859 பிப்பிரவரியில் இலண்டன் ஹாம்ஸ்டெட்டில் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

அதே 1859இல் இசபெல்லா பீட்டன் என்னும் இளம்பெண் தம் இல்லப் பராமரிப்பு நூலைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். 1861இல் அது முழுநூலாகி, ஆங்கிலேயக் குடும்பங்களின் வேதமாயிற்று. சூப், மீன் ஆகிய இயல்களில் கணிசமான பகுதி ஆக்டனிடமிருந்து பெறப்பட்டது என்பதைப் பிற்கால ஆய்வாளர் ஒப்பிட்டுக் காட்டியுள்ளனர். பீட்டன் பொருட்பட்டியலை இறுதியிலிருந்து தொடக்கத்துக்குக் கொணர்ந்தார். பயனுள்ள மாற்றமே, மறுப்பதற்கில்லை. ஆனால் மக்கள் நாவில் நின்ற பெயர் பீட்டன்.

சோதனை தனித்தொழிலாக நிலைபெற்றது அமெரிக்காவில். 1896இல் பாஸ்டன் சமையற்பள்ளியின் ஃபேனி ஃபார்மர், தலைதட்டிய கரண்டி, தலைதட்டிய கோப்பை என்ற அளவு முறையைத் தம் நூலில் வற்புறுத்தினார். 1900இல் 'குட் ஹவுஸ்கீப்பிங்' இதழ் தனக்கெனச் சோதனை நிலையம் அமைத்தது. அதன்பின் இதழ்களும் பதிப்பகங்களும் சோதனைச் சமையலறைகளை ஏற்படுத்தின. அங்கே பணிபுரிவோரின் பெயர், இருந்தால், நன்றியுரையின் கடைசி வரிகளில் இருக்கும்.

ஆக்டனின் பெருநூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிலிருந்து நின்றுபோயிற்று. 1968இல் எலிசபெத் ரே அதிலிருந்து தேர்ந்த பகுதிகளைத் தொகுத்தார். சமையல் எழுத்தில் புகழ்பெற்ற எலிசபெத் டேவிட் முன்னுரை வழங்கினார். அந்நூலின் முகப்பில் எலிசா ஆக்டன் என்ற பெயர் மீண்டும் அச்சேறியது.