சுருங்க மறுத்த நீராவி

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்பில் ஒரு குட்டி நீராவி எந்திரம் இருந்தது. பிரிட்டனின் சுரங்கங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நியூகமன் எந்திரத்தின் மாதிரி அது. சிலிண்டரின் விட்டம் 2 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 6 அங்குலம். மாணவர்களுக்குக் காட்டத்தான் அதை வைத்திருந்தார்கள். ஆனால் அது ஓடினால்தானே காட்டுவது? லண்டனில் பேர்போன கருவித் தயாரிப்பாளரான சிஸ்ஸனிடம் அனுப்பிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில், 1763ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பேராசிரியர் ஜான் ஆண்டர்சன் அதைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே கருவிப் பட்டறை வைத்திருந்த ஓர் இளைஞரிடம் கொடுத்தார். அவர்தான் ஜேம்ஸ் வாட்.

வாட் அதைப் பிரித்துச் சீர்செய்து ஓட்டினார். சில வீச்சுகள் ஓடிவிட்டு நின்றது. மறுபடி நீராவி சேர்ந்ததும் சில வீச்சுகள் ஓடியது, மறுபடி நின்றது. எந்த உறுப்பிலும் பழுது இல்லை. அளவைப் பார்த்தால் கொதிகலன் தாராளமாகவே இருந்தது. அப்படியானால் நீராவி எங்கே போகிறது?

நியூகமன் எந்திரத்தில் சிலிண்டருக்குள் நீராவியை நிரப்பி, உடனே அதன்மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி தண்ணீராகிச் சுருங்க, உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். ஒவ்வொரு வீச்சிலும் சிலிண்டர் சூடாகிக் குளிர்ந்தாக வேண்டும். குளிர்ந்த சுவரை மறுபடி சூடேற்றுவதிலேயே நீராவியின் பெரும்பகுதி வீணாகிவிடும். பெரிய எந்திரத்தில் இது அவ்வளவாகத் தெரியவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலில் கரிக்கு என்ன பஞ்சம்? மாதிரியிலோ குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஒரு பாத்திரத்தின் நீள அகல உயரங்களைப் பாதியாக்கினால் அதன் மேற்பரப்பு நாலில் ஒரு பங்காகும், கொள்ளளவோ எட்டில் ஒரு பங்காகிவிடும். அண்டாவில் இருக்கும் வெந்நீரைவிட டம்ளரில் ஊற்றிய வெந்நீர் சீக்கிரம் ஆறிப்போவதும் இதனால்தான். சிலிண்டர் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் நீராவிக்குச் சூட்டை உறிஞ்சும் சுவர் அதிகமாகிக்கொண்டே போனது.

மரத்தில் சிலிண்டர் செய்துகூட வாட் சோதித்துப் பார்த்தார். 1765இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ கிரீன் புல்வெளியில் நடந்து போகும்போது வழி புலப்பட்டது: சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கட்டும், நீராவியைக் குளிரவைக்கத் தனியாக ஒரு கலம் வைத்துக்கொள்ளலாம். 1769இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நீராவி எந்திரத்தின் வரலாற்றிலேயே பெரிய திருத்தம், வகுப்பறைப் பொம்மை ஒன்று ஓட மறுத்ததில் பிறந்தது. அந்த மாதிரி இன்றும் கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வாட்டுக்குப் பிறகும் பெரியதற்கு முன்னோடியாகச் சிறியது வந்தபடி இருந்தது. வாட்டின் கூட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த வில்லியம் மர்டாக் 1784இல் கார்ன்வாலின் ரெட்ரூத் ஊரில் தன் வீட்டிலேயே மூன்று சக்கர நீராவி வண்டியின் மாதிரியைச் செய்து ஓட்டினார். இருட்டிய பிறகு தெருவில் அதை ஓடவிட்டதாகவும், தீயைக் கக்கிக்கொண்டு வந்த அந்த உருவத்தைப் பேயென்று எண்ணி ஊர்ப் பாதிரியார் அலறியதாகவும் ஒரு கதை உண்டு. அடுத்த தலைமுறையில் ரிச்சர்ட் டிரெவித்திக்கும் முதலில் மாதிரிகளைச் செய்து பார்த்துவிட்டுத்தான் பெரிய வண்டிக்குப் போனார்.

ரயில் வந்த பிறகு நிலைமை தலைகீழாயிற்று. பெரியதைப் பார்த்துச் சிறியதைச் செய்தார்கள். விக்டோரியா மகாராணி காலத்து வசதியான வீடுகளில் பித்தளை ரயில் எஞ்சின்கள் தரைவிரிப்பின்மேல் ஓடின. அடியில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, மேலே ஒரு கொதிகலன், ஆடும் சிலிண்டர் இரண்டு, அவ்வளவுதான். தண்டவாளம் கிடையாது. போகிற வழியெல்லாம் சூடான தண்ணீரும் எண்ணெயும் சொட்டிக்கொண்டே போகும். அதனால் ஆங்கிலேயர்கள் அவற்றை ‘சொட்டு வண்டிகள்’ என்று கேலி செய்தார்கள். கவிழ்ந்தால் ஸ்பிரிட் கொட்டித் தரைவிரிப்பு தீப்பிடிக்கும் ஆபத்தும் இருந்தது. இதைக் குழந்தைகளுக்குப் பரிசாகக் கொடுத்த அந்தக் காலத்துப் பெற்றோரின் துணிச்சல் இன்று யாருக்கும் வராது.

வீட்டிலேயே எஞ்சின் செய்வது ஓர் இயக்கமாக உருவெடுத்த ஆண்டு 1898. அந்த ஜனவரியில் பெர்சிவல் மார்ஷல் லண்டனிலிருந்து ‘தி மாடல் இன்ஜினியர் அண்ட் அமெச்சூர் எலக்ட்ரீஷியன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு அதன் வாசகர்கள் சேர்ந்து லண்டனில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதே ஆண்டில்தான் ஸ்டூவர்ட் டர்னர் என்ற இளம் பொறியாளர் ஒரு சிறு செங்குத்து எஞ்சினை வடிவமைத்தார். அதற்குப் பெயர் ‘நம்பர் 1’. பிறகு தேம்ஸ் நதிக்கரை ஊரான ஹென்லியில் நிறுவனம் தொடங்கி, எஞ்சினைச் செய்து விற்பதோடு நில்லாமல் அதன் வார்ப்புகளையும் விற்றார். மணல் அச்சில் உருக்கி ஊற்றிய கரடுமுரடான இரும்பு, பித்தளைத் துண்டுகளும் ஒரு வரைபடமும் தபாலில் வரும். கடைந்து, துளையிட்டு, மரை வெட்டி, ராவி, ஓடும் எஞ்சினாக்குவது வாங்கியவர் பாடு. நார்தாம்ப்டனில் பாசெட்-லோக்கும் தபால் வழியிலேயே மாதிரி வியாபாரத்தை வளர்த்தார்.

இதற்கெல்லாம் வீட்டில் ஒரு லேத் வேண்டும். கில்ட்ஃபோர்டின் டிரம்மண்ட் சகோதரர்கள் போன்றவர்கள், காலால் மிதித்து ஓட்டும் சிறு லேத்துகளைச் செய்து விற்றார்கள். மின்சாரம் இல்லாத தோட்டக் கொட்டகையிலும் பட்டறை போட முடிந்தது. பகலில் கணக்கெழுதியவர்களும் பாடம் நடத்தியவர்களும் ரயிலில் கரி அள்ளிப்போட்டவர்களும் மாலையில் அங்கே போய் நின்றார்கள்.

ஆனால் குட்டி எந்திரத்தில் சூடு தங்காத வாட்டின் தலைவலி போகவில்லை. மாதிரி எஞ்சின் உலகில் அப்போதைய பெரும்புள்ளி ஹென்றி கிரீன்லி. பாசெட்-லோக்கின் வடிவமைப்பாளர், பத்திரிகையாளர், பின்னால் 15 அங்குல அகலப் பாதையில் ஓடும் ராம்னி ரயில்பாதையின் பொறியாளர். சிறிய எஞ்சினுக்கு ஸ்பிரிட் விளக்கும், தீச்சுவாலை வெளியிலிருந்து சுடும் நீர்க்குழாய்க் கொதிகலனும்தான் சரி என்பது அவர் பக்கத்து வாதம். 2½ அங்குலப் பாதையில் ஓடும் எஞ்சினுக்குள், நிஜ எஞ்சினில் உள்ளது போலவே தீயறை வைத்து, நிலக்கரி எரித்து, ஆளையும் இழுக்க வைப்பதா? நடக்காத காரியம் என்றே பலரும் நினைத்தார்கள்.

நடக்கும் என்று சொன்னவர் ‘எல்பிஎஸ்சி’. லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அதன் முதலெழுத்துகளையே புனைபெயராக வைத்துக்கொண்டார். நண்பர்களுக்கு அவர் ‘கர்லி’ லாரன்ஸ். 1922இல் அவர் எழுதிய கடிதம் ‘மாடல் இன்ஜினியர்’ இதழில் பெரிய சண்டையைக் கிளப்பியது. ‘கொதிகலன் போர்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 1924இல் லண்டனின் ராயல் ஹார்டிகல்சுரல் ஹாலில் நடந்த கண்காட்சியில் அவருடைய ‘ஆயிஷா’ எஞ்சின் வாசகர்கள் முன்னிலையில் ஓடியது. தரையிலிருந்து முழங்காலைக்கூட எட்டாத அந்த எஞ்சின் கரியைத் தின்று, வளர்ந்த ஆளைப் பின்னால் உட்காரவைத்து இழுத்தது. எதிர்த்தரப்பு உடனே சரணடைந்ததென்று சொல்ல முடியாது. ஆனாலும் அதன்பின் வந்த தலைமுறைகள் கரி எரித்தார்கள்.

அவர் செய்தது மாயமில்லை. நிஜ எஞ்சினின் கொதிகலனில் நூற்றுக்கும் மேற்பட்ட சூட்டுக்குழாய்கள் இருக்கலாம். அத்தனையையும் 24இல் ஒரு பங்காகக் குறைத்தால் ஊசித்துளைகள்தான் மிஞ்சும். கரியும் சாம்பலும் அந்தக் கணக்குப்படி குறையாது, ஆகவே துளைகள் உடனே அடைத்துக்கொள்ளும். அவர் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து விட்டத்தைக் கூட்டினார். சிலிண்டரில் வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியாகச் சீறும்போது தீயையும் இழுத்து வளர்க்கும்படி குழல் முனையைத் துல்லியமாக வைத்தார். நீராவியை மறுபடி சூடேற்றி, ஈரம் போக்கி, சிலிண்டருக்கு அனுப்பினார். வெளித்தோற்றம் அளவுப்படி இருக்கலாம், உள்ளே நீரும் நெருப்பும் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. வாட் குட்டி சிலிண்டரில் கண்ட அதே உண்மையை இவர் குட்டிக் கொதிகலனில் கையாண்டார்.

தற்செயலாக, வாட்டின் சொந்தப் பட்டறை வெளியுலகுக்கு வந்ததும் அதே 1924இல்தான். பர்மிங்காமுக்கு அருகிலிருந்த அவர் வீட்டு மாடி அறை, 1819இல் அவர் இறந்தபின் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. லேத்தும் உளிகளும் பாதியில் நின்ற வேலைகளுமாக 8,000க்கும் மேற்பட்ட பொருள்கள் அப்படியே லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போயின.

1924இலேயே எல்பிஎஸ்சி ‘மாடல் இன்ஜினியர்’ இதழில் தொடர் எழுதத் தொடங்கினார். எந்த உறுப்பை முதலில் செய்வது, லேத்தில் எப்படிப் பிடிப்பது, எந்தத் துளையை எதன் வழியாகப் போடுவது என்று பக்கத்தில் நின்று பேசுவதுபோல் எழுதுவார். வரைபடமும் விளக்கமும் சேர்ந்ததைப் பாட்டும் மெட்டும் என்று சொல்லிக்கொள்வது அவர் வழக்கம். நான்கு சக்கரம் மட்டுமே கொண்ட அவருடைய 3½ அங்குலப் பாதை ‘டிச்’ எத்தனையோ பேருக்கு முதல் எஞ்சின். 1967இல் இறக்கும்வரை, ஆசிரியர்களோடு சண்டையும் சமாதானமுமாக எழுதினார். கோபக்காரர்தான். ஆனால் பொறியியல் படிக்காதவர்களையும் கொதிகலன் கட்ட வைத்தவர் அவரைப் போல் வேறொருவர் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகள்தான் இந்தப் பொழுதுபோக்கின் பொற்காலம். நாட்டிங்காமை அடுத்த பீஸ்டனில் மைஃபோர்டு நிறுவனம் 1946இல் கொண்டுவந்த எம்எல்7 லேத், பிரிட்டனின் வீட்டுப் பட்டறைகளில் ஏறக்குறைய குலதெய்வமாகிவிட்டது. 1960இல் வெளியான நெவில் ஷூட்டின் கடைசி நாவல்களில் ஒன்றான ‘டிரஸ்டி ஃப்ரம் தி டூல்ரூம்’ கதையின் நாயகனே மாதிரி எந்திரங்கள் பற்றிப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவர். வீட்டின் நிலவறையில் வேலை பார்க்கும் அவரை உலகமெங்கும் உள்ள வாசகர்கள் அறிந்திருக்கிறார்கள், கதை முழுக்க அவருக்குக் கைகொடுக்கிறார்கள். ஷூட் விமானப் பொறியாளர், மாதிரிகளும் செய்தவர்.

தோற்றத்தில் துளியும் விட்டுக்கொடுக்காதவர்களும் இருந்தார்கள். செர்ரி ஹில் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, மறைந்துபோன நீராவி வண்டிகளைப் பழைய வரைபடங்களிலிருந்து ஆராய்ந்து 16இல் ஒரு பங்கு அளவில் ஓடும் நிலையில் செய்தார். ஒவ்வொன்றுக்கும் பல்லாயிரம் மணி நேர உழைப்பு. 2000இல் அவருக்கு எம்பிஇ விருது தரப்பட்டது. லண்டனில் உள்ள எந்திரப் பொறியாளர் கழகம் அவர் செய்தவற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறது.

மைஃபோர்டு 2011இல் பீஸ்டன் ஆலையை மூடியது. பழைய எம்எல்7கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கணினி வெட்டித் தரும் தகடுகளும் தபாலில் வருகின்றன. மாறாத ஒரு வேலை கொதிகலன் சோதனை. செப்புத் தகடுகளை வெள்ளிப் பற்றாசால் இணைத்துக் கட்டிய புதுக் கொதிகலனைப் பச்சைத் தண்ணீரால் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் இரு மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். நீரை ஏறக்குறைய அமுக்கவே முடியாது என்பதால் இணைப்பு விட்டாலும் வெடிக்காது, ஒழுகும். பிரிட்டிஷ் சங்கங்களில் அதில் தேறிச் சான்று பெற்ற பிறகுதான் அந்த எஞ்சின் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு ஓடலாம். சில ஆண்டுகள் கழித்து ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் மறுபடி சோதனை நடக்கும். செய்தவரே தன் கொதிகலனுக்குச் சான்று எழுதிக்கொள்ள முடியாது. சங்கத்தின் சோதகர் அழுத்தமானியை வைத்துக்கொண்டு வந்து நிற்பார்.