புழுங்கலரிசி புகட்டும் புள்ளியியல்

இரு கூட்டத்தாரை ஒப்பிட்டு, ஒரு சாராரிடம் ஒன்று மிகுதி, மறுசாராரிடம் குறைவு என்று கூறுதல் எளிது. அவ்வேறுபாடு தற்செயலாய் நேர்ந்ததா, காரணம் பற்றி நேர்ந்ததா எனத் தெளிதலே அரிது. இதனை மாணவர்க்கு விளக்க அயல்நாட்டுச் சான்று தேட வேண்டுவதில்லை. மலாயா வரலாற்றிலேயே ஒன்றுண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் இந்நாட்டில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. கால்கள் மரத்தும் வீங்கியும், இதயம் தளர்ந்தும் மக்கள் மாண்டனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரை இந்நோய் பெரிதும் வாட்டியது; தோட்டத் தமிழரையோ அரிதாகவே தீண்டியது. நம் கோலா சுங்கை பாருவுக்கு வடக்கே, எல்லைக்கு அப்பாலுள்ள நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராய் விளங்கிய பிராடன் இதனைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. எனவே நோயின் வேர் அரிசியிலேயே உள்ளது என்று 1907இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

ஆயினும் ஓர் ஐயம் எழும். இவ்விரு கூட்டத்தாரும் அரிசியால் மட்டுமா வேறுபட்டனர்? தொழில், உறைவிடம், பிற உணவு ஆகியனவும் வேறல்லவா?

இவ்வையத்தை நீக்கும் வழியைக் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் பிளெட்சர் கண்டார். 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர்க்கு வழக்கமான பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கலரிசி. இடம் காரணமாகுமோ என்றறிய, இடையில் இரு சாராரின் விடுதிகளையும் மாற்றினார். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் இறக்கவில்லை.

இவ்வெண்களைச் சோதிப்போம். அரிசியால் வேறுபாடு இல்லையெனில், 243 பேரில் மாண்ட 18 பேரும் பக்கத்துக்கு ஏறத்தாழ 9 பேராய் இருத்தல் வேண்டும். நாம் கண்ட வேறுபாடோ நூற்றுக்கு 15. மொத்த இறப்பு விகிதமாகிய 7.4 விழுக்காட்டைக் கொண்டு கணக்கிட்டால், வேறுபாட்டின் திட்டப்பிழை ஏறக்குறைய 3.4 ஆகும். கண்ட வேறுபாடு அதனைப்போல் நாலரை மடங்கு. வழக்கமான அளவுகோலின்படி இரு மடங்கை எட்டினாலே வேறுபாடு பொருளுடையதாகக் கொள்ளப்படும். இத்துணைப் பெரிய வேறுபாடு தற்செயலாய் நேரும் வாய்ப்பு இலட்சத்தில் ஒன்றினும் குறைவு.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமின் என்னும் உயிர்ச்சத்து உமியை அடுத்த தவிட்டிலிருந்து அரிசியினுள் ஊடுருவுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை. இக்காரணம் பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. நம் முன்னோரைக் காத்தது, அவர்கள் கைவிடாத உணவு வழக்கமே.

ஆசிரியர்கள் இங்குக் கற்பிக்க வேண்டியவை இரண்டு. வேறுபாடு தற்செயலன்று என்பதையே சோதனை சொல்லும். அதன் காரணத்தைச் சொல்லாது. காரணம் அறியக் கூட்டத்தாரை நடுநிலையோடு பிரித்தல் வேண்டும். இரு பள்ளிகளின் தேர்ச்சி விகிதத்தை ஒப்பிட்டுத் தீர்ப்புரைக்கும் முன் இதனை எண்ணுதல் நன்று.

மற்றொன்று, விகிதங்களுக்குப் பின்னால் மனிதர் உளர் என்பது. அப்பதினெண்மரின் இசைவை எவரும் கேட்டதாக வரலாறு பேசவில்லை. அவர்தம் இறப்பால் பெற்ற அறிவைப் பிழையறக் கற்பித்தலே நாம் அவர்க்குச் செலுத்தும் கடன்.