நாற்பது கிலோ மூட்டை

கதிர் வருவதற்கு முன்பே விலை வந்துவிடுகிறது. குறைந்தபட்ச ஆதரவு விலையை வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் பரிந்துரைக்கிறது. பிரதமர் தலைமையிலான அமைச்சரவைக் குழு ஒப்புதல் தருகிறது. ஆணையம் இருப்பது மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ். 2025-26 பருவத்துக்குப் பொது ரக நெல் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் என்றார்கள். தமிழக அரசு 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ஆக்கியது. கணக்குப் போட்டால், 40 கிலோ மூட்டைக்குச் சரியாக ஆயிரம் ரூபாய்.

இந்த மூட்டையைத் தஞ்சைப் பக்கத்துக் குறுவை வயலிலிருந்து தொடர்ந்து போனால், ஓர் அரசு உணவை எப்படிப் பங்கு பிரித்து வைத்திருக்கிறது என்பது விளங்கும். பயிருக்குப் போட்ட யூரியா வேளாண் அமைச்சகத்தின் பொருள் அல்ல. ரசாயனம் மற்றும் உர அமைச்சகத்தினுடையது. மேட்டூர்த் தண்ணீருக்கு ஜல் சக்தி. நெல்லை அள்ளிப் போட, கொல்கத்தாவிலிருந்து வரும் சணல் சாக்குக்கு ஜவுளி அமைச்சகம். அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் கொட்டப்பட்டதும், அது உணவு அமைச்சகத்தின் விதிகளுக்குள் வந்துவிடுகிறது.

களத்தில்தான் பயணம் தடைப்படும். அடங்கல் கொடுத்தாயிற்று, நெல்லைத் தூற்றியாயிற்று. பட்டியல் எழுத்தர் கைப்பிடி நெல்லை ஈரப்பதமானியில் போடுகிறார். 17 சதவீதத்துக்குள் இருந்தால் எடை, மூட்டை, வங்கிக் கணக்கில் பணம். தாண்டினால் காய வைக்க வேண்டும். குறுவை அறுவடையோ செப்டம்பர், அக்டோபரில். வடகிழக்குப் பருவமழையும் அதே வேளையில். சாலையோரம் பரப்புவது, மேகம் கறுத்தால் குவித்துத் தார்ப்பாய் போடுவது, விடிந்தால் மறுபடி பரப்புவது என்று குடும்பமே களத்தில் கிடக்கும்.

17 என்பது வீம்புக்கு வைத்த எண் அல்ல. ஈரநெல் குவியலில் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பேறும், ஆலையில் நொறுங்கும். கிடங்கைக் காப்பவர்கள் அதைக் கேட்பது நியாயமே. ஆனால் மழை பெய்தபின் தளர்வு வேண்டி மாநிலம் டெல்லிக்கு எழுத, அங்கிருந்து குழு வந்து மாதிரி எடுத்து, ஆய்வகம் போய், பிறகு உத்தரவு வருவதற்குள் குவியலின் அடியில் நெல் முளைவிட்டுவிடுகிறது. டெல்டாவில் ஐப்பசி மழை புதிதல்ல. இத்தனை மழைக்கு இவ்வளவு தளர்வு என்று முன்கூட்டியே வகுத்து, முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சென்னையிலுள்ள இந்திய உணவுக் கழக மண்டல அலுவலகத்திடம் விட்டாலே போதும். உழவர் அழுவது விலைக்காக மட்டுமல்ல, காத்திருந்து இழக்கும் இந்த நாட்களுக்காகவும்தான்.

எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்த காலமும் உண்டு. உணவு, வேளாண்மை இரண்டுக்கும் சி. சுப்பிரமணியம் அமைச்சராக இருந்தபோதுதான், 1965 ஜனவரி 14 அன்று, பொங்கலையொட்டி, இந்திய உணவுக் கழகம் பிறந்தது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். தலைமையகமே தொடக்கத்தில் சென்னையில்தான். விலை ஆணையமும் அதே மாதம் அமைந்தது. விளைவிக்கச் சொல்பவரும் விலை சொல்பவரும் வாங்குபவரும் ஒரே அமைச்சரிடம் பதில் சொன்னார்கள். அன்றிருந்த பஞ்ச பயம் அந்த ஒற்றுமையைக் கட்டாயமாக்கியிருக்கலாம். பிறகு துறைகள் பிரிந்தன. உணவு இன்று நுகர்வோர் விவகாரத்தோடு சேர்ந்த தனி அமைச்சகம், வேளாண்மை வேறு.

கொள்முதல் செய்பவர்களும் மாறிவிட்டார்கள். 2002 முதல் பரவலாக்கப்பட்ட கொள்முதல் திட்டத்தில், களத்தில் மூட்டையை வாங்குவது மாநிலத்தின் நுகர்பொருள் வாணிபக் கழகம். மானியம் மத்திய உணவு அமைச்சகத்திடமிருந்து வருகிறது, தரவிதியும் அங்கிருந்தே.

மூட்டை லாரி ஏறி அரவை முகவரின் ஆலைக்குப் போகிறது. ஊறி, அவிந்து, காய்ந்து, உமி நீங்குகிறது. புழுங்கலரிசி என்றால் நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி திரும்பி வர வேண்டும் என்பது விதி. நம் மூட்டைக்கு 27 கிலோ 200 கிராம். அது 50 கிலோ அரிசிச் சாக்கில் வேறு வயல்களின் நெல்லோடு கலந்து கிடங்குக்குப் போய்ச் சேரும்போது, யாருடைய நெல் என்ற அடையாளம் போய்விடும்.

கிடங்கிலிருந்து அரிசி போகும் நியாயவிலைக் கடையில் 2011 ஜூன் முதல் அது விலையில்லாமல் தரப்படுகிறது. 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லோரையும் சேர்க்கவில்லை. தமிழ்நாடு 2016-ல் அதை ஏற்றபோதும், அதற்கு வெளியே நின்ற அரிசி அட்டைதாரர்களை விட்டுவிடவில்லை, அவர்களுக்கான செலவை மாநிலமே ஏற்கிறது. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. களத்தில் ஆயிரம் ரூபாய் பெற்ற நம் மூட்டை, அப்படிப்பட்ட ஒரு வீட்டில் மூன்று வாரத்துக்குச் சற்றுமேல் உலை ஏறும்.