கௌல் வாங்கிக் கொடுத்தவர்கள்: கடலூர்க் கரையில் கம்பெனிகளின் பகுதிநேரப் பிரதிநிதிகள்

வளர்ந்துவரும் நிறுவனங்கள் அரசிடமும் ஊரிடமும் தம் சார்பில் பேச, வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் அனுபவசாலி ஒருவரை அமர்த்திக்கொள்வது புது ஏற்பாடு என்று சொல்லப்படுகிறது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்கு இது நானூறு ஆண்டுப் பழக்கம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயிலின் பதினாறு கால் மண்டபத் தூண்களில் நாயக்கர் உருவங்களை இன்றும் பார்க்கலாம். நாயக்கர்கள் ஆண்ட காலத்தில்தான் ஐரோப்பியக் கம்பெனிகள் இக்கரையில் கௌலுக்கு, அதாவது ஆட்சியாளர் எழுதித் தரும் அனுமதிக்கு, காத்துக்கிடந்தன. மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் பூவராகரை அங்குள்ள முஸ்லிம்கள் மரியாதை செய்து வரவேற்கிறார்கள். உள்நாடும் துறையும், பல சமயத்தாரும் இப்படிப் பின்னிக்கிடந்த பகுதியில் காரியம் முடிக்க வெளியூர்க்காரனால் ஆகாது.

டச்சுக்காரர் இதை முதலில் உணர்ந்தார்கள். 1608இல் செஞ்சி நாயக்கரின் அனுமதியோடு தேவனாம்பட்டினத்தில் கால் வைத்த அவர்களுக்குத் தரகராக வாய்த்தவர் அச்சுதப்பச் செட்டி. சொந்தக் கப்பலில் சரக்கு அனுப்பியவர். கம்பெனிக்குத் துணி கொள்முதல் செய்தவர். நாயக்கர் அவையில் அதன் சார்பில் பேசியவரும் அவரே. அவருக்குப் பின் தம்பி சின்னண்ணச் செட்டி அந்த இடத்துக்கு வந்தார். இவர்களைக் கம்பெனியின் ஊழியர்கள் என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுடைய பல தொழில்களில் கம்பெனியும் ஒன்று, அவ்வளவுதான். நாயக்கர் அவை அவர்களுக்குக் காது கொடுத்ததும் அந்தச் சொந்தச் செல்வாக்கினால்தான்.

ஆங்கிலேயர் முதலில் தாங்களே போய்ப் பார்த்தார்கள். 1681இல் எலிஹு யேல் வணிக அனுமதி கேட்டுச் செஞ்சிக்கு நேரில் போனார். 1690இல், அவர் சென்னை கவர்னராக இருந்தபோது, மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டை விலைக்கு வாங்கப்பட்டது. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை எல்லை என்பது ஒப்பந்தம். கம்பெனி தன்னிடமிருந்த பெரிய பீரங்கியைக் கொண்டுவந்து சுட்டது. எல்லைக்குள் விழுந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. கடலூரை ஒட்டிய குண்டு உப்பலவாடி அந்தப் பெயரை இன்னும் சுமக்கிறது.

கம்பெனிக்காகப் பேசும் தரகரின் பதவியை உள்ளிருந்து பார்க்க நமக்குக் கிடைத்த ஒரு சாளரம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இல் தொடங்கும் அது, அவர் 1761 ஜனவரியில் மறையும் காலம்வரை நீள்கிறது. பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக்காரரின் துணித் தொழிலை மேற்பார்த்து வளர்ந்தவர், 1747இல் பிரெஞ்சு கவர்னர் துப்ளேயின் தலைமை துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும், ஆனார். பாக்கு வியாபாரமும் ‘ஆனந்தப் புரவி’ என்ற கப்பலும் அவருக்குச் சொந்தம். நவாபுக்குக் கடிதம் எழுதுவது, யாருக்கு எந்த வரிசையில் நஜர் வைப்பது, எந்தச் சேதியை கவர்னர் காதில் எப்போது போடுவது என்று நாட்குறிப்பு நுணுகிச் செல்கிறது. அதே பக்கங்களில் சொந்தச் சரக்கின் விலையும் வருகிறது. எது கம்பெனி வேலை, எது பிள்ளையின் வேலை என்று பிரிக்க முடிவதில்லை. அவருடைய பகைவர்கள் கையில் எடுத்ததும் இதைத்தான். பகுதிநேரப் பிரதிநிதியின் பலமும் அவர்மேல் விழும் சந்தேகமும் ஒரே வேரில் முளைத்தவை.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை தலைகீழானது. கம்பெனியே அரசாகிவிட்ட பின் அது யாரிடம் போய் அனுமதி கேட்கும்? துபாஷிகள் இப்போது எதிர்த்திசையில் பேசினார்கள். பச்சையப்ப முதலியார் (1754–1794) தஞ்சைச் சீமையில் வரி கட்டக் கடன் கொடுத்தும் பேச்சுவார்த்தை நடத்தியும் பொருள் சேர்த்தார். அதில் ஒரு பங்கு சிதம்பரம் கோயில் திருப்பணிக்குப் போயிற்று. அவர் பெயரில் அங்கே பள்ளியும் நடக்கிறது. 1836இல் சென்னை வர்த்தகச் சபை தோன்றியதும் வெள்ளை வணிகர்கள் கூட்டாகவே அரசிடம் பேசினர். துபாஷிக்கு வேலை குறைந்தது.

இப்படிப் பல வேலைகள் கலப்பதை இன்றைய சட்டம் அனுமதிப்பதில்லை, ஓர் அளவுக்கு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 203ஆம் பிரிவின்படி முழுநேர முதன்மை நிர்வாகி, துணை நிறுவனம் தவிர வேறொரு கம்பெனியில் அதே சமயம் பதவி வகிக்கக் கூடாது. அந்தப் பிரிவுக்குள் வராத சிறு நிறுவனங்கள் பல வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் கம்பெனிச் செயலரிடம் பதிவு, அறிக்கை வேலைகளை ஒப்படைக்கின்றன. அமைச்சகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் நிறுவனத்துக்காகப் பேசுபவருக்கோ எந்தப் பதிவேடும் இல்லை. அவர் எத்தனை பேருக்காகப் பேசுகிறார், யாரிடம் ஊதியம் வாங்குகிறார் என்று வெளிப்படுத்தச் சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இதுவரை இயற்றப்படவில்லை.