துப்புரவு இறால்: பவளத்தொட்டியில் வளர்ப்பும் இனப்பெருக்கமும்

துப்புரவு இறால் என்பது கடல்நீர்ப் பவளத்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் சிறிய இறால். விலங்கியல் பெயர் லிஸ்மாட்டா அம்போயினென்சிஸ். டச்சு விலங்கியலாளர் டி மான் 1888இல் இதை விவரித்தார். இந்தோனேசியாவின் அம்போன் தீவே பெயரில் நிற்கிறது. மஞ்சள் உடல், முதுகில் இரண்டு செம்பட்டைகள், அவற்றின் நடுவே தலையிலிருந்து ஓடும் ஒரு வெள்ளைக் கோடு, நீண்ட வெண்ணிற உணர்கொம்புகள். ஐந்தாறு சென்டிமீட்டர் வரை வளரும். செங்கடல் தொடங்கி இந்து, பசிபிக் பெருங்கடல்களின் பவளப்பாறைகளில் வாழ்கிறது. அட்லாண்டிக்கில் இதன் நெருங்கிய உறவான லிஸ்மாட்டா கிராபாமி உண்டு. வாலைப் பார்த்து இரண்டையும் பிரித்தறியலாம்: அட்லாண்டிக் இறாலுக்கு வெள்ளைக் கோடு வால்வரை அறுபடாமல் ஓடும், இதற்கு அது நின்று, வால்விசிறியில் வெண்புள்ளிகளாகிவிடும்.

பாறை இடுக்கின் வாயிலில் நின்று இது உணர்கொம்புகளை அசைக்கும். விலாங்குகளும் களவா மீன்களும் வந்து வாயைத் திறந்து காட்டும். இறால் உள்ளே இறங்கி ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் பொறுக்கும். தொட்டிக்குள் கையை விட்டால் நகக்கண்ணையும் அதே அக்கறையோடு சுத்தம் செய்யும். நியோபெனிடேனியா என்னும் ஒட்டுண்ணிப் புழுவையும் அதன் முட்டைகளையும் இந்த இறால் தின்று குறைப்பதை மிலிட்ஸ், ஹட்சன் ஆகியோரின் 2015ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அதற்காக, வெள்ளைப்புள்ளி நோய் கண்ட தொட்டிக்கு இதை மருந்தாக வாங்கி விடுவது தவறு. நோயை அது தீர்க்காது. நோய்க்கான மருந்தோ இறாலைக் கொன்றுவிடும். மீன் நோய்களுக்குப் போடும் மயில்துத்தம் போன்ற செம்பு மருந்துகள் மீன் தாங்கும் அளவிலேயே இறாலுக்கு நஞ்சு. நோயுற்ற மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

மற்றபடி வளர்ந்த இறால் எளிதாகப் பழகும். ஒப்படர்த்தி 1.024 முதல் 1.026, வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் என்று நீர் நிலையாக இருந்தால் போதும். உப்பளவின் திடீர் மாற்றத்தை மட்டும் இது பொறுக்காது. ஆகவே புதிதாக வாங்கிய இறாலைப் பையோடு கவிழ்க்காமல், மெல்லிய குழாய்வழியே தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து ஒரு மணி நேரமாவது பழக்க வேண்டும். கிளாத்தி மீன்களும் பெரிய பாறைமீன்களும் இதைத் தின்றுவிடும். இதற்கும் ஒரு குறும்பு உண்டு: பவளங்களின் வாயில் வைத்த இரையைப் பிடுங்கித் தின்னும்.

இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை இறால் சட்டை உரிக்கும். காலையில் தொட்டியடியில் கிடக்கும் வெற்றுச் சட்டை, கண்முதல் கால்வரை இறாலின் அச்சாகவே இருப்பதால், செத்துவிட்டதென்று கலங்காத புது வளர்ப்பாளர் குறைவு. இறால் உடல் இறுகும்வரை ஏதோ இடுக்கில் ஒளிந்திருக்கும். அந்தச் சில மணி நேரமே அதன் வாழ்வில் மிக ஆபத்தானது. இந்த இனம் இணையாக வாழ்வது. மூன்று நான்கை ஒன்றாக விட்டுப் பார்த்த வோங், மிஷியல்ஸ் ஆகியோரின் ஆய்வில் (2011), சட்டை உரித்துத் தளர்ந்திருந்தவற்றை மற்றவை தாக்கிக் கொன்று, கடைசியில் இரண்டே எஞ்சின. தொட்டிக்கு இரண்டு என்பதே சரியான கணக்கு.

அந்த இரண்டும் ஆணா பெண்ணா என்று பார்க்கத் தேவையில்லை. லிஸ்மாட்டா இறால்கள் முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் ஒரே சமயத்தில் ஆணும் பெண்ணுமாகின்றன. ஆனால் தன்னைத்தானே சினையாக்கிக்கொள்ள முடியாது, துணை வேண்டும். புதிதாகச் சட்டை உரித்தது பெண்ணாகவும், மற்றது ஆணாகவும் இணையும். சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகள் வயிற்றடி நீந்துகால்களில் ஒட்டிக்கொள்ளும். இளம்பச்சையாகத் தொடங்கும் சினை, கருவின் கண்கள் தெரியத் தெரிய வெள்ளிப்பளபளப்பு அடையும். இரண்டு வாரம் போல் கழித்து, விளக்கணைந்த இரவில் பொரிக்கும். தாய் மீண்டும் சட்டை உரிக்கும், மீண்டும் இணையும். இரண்டு இறால்களுமே ஆண்டு முழுவதும் சினையோடு திரிவது நல்ல தொட்டியில் அன்றாடக் காட்சி.

அப்படியும் தொட்டியில் ஒரு குஞ்சுகூட மிஞ்சுவதில்லை. பொரித்துவரும் லார்வா தாயைப்போல் தரையில் நடப்பதில்லை. நீரில் மிதந்து திரியும் கண்ணாடி உயிர். பம்பு அதை இழுக்கும், மீனும் பவளமும் தின்னும். தனியே பிடித்து வளர்த்தாலும் அது பல லார்வா நிலைகளைக் கடக்க வேண்டும். இந்த இனத்துக்கு அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். முதிர்ந்த லார்வாவின் ஐந்தாம் இணைக் கால்கள் துடுப்புபோல் நீண்டு தட்டையாகும். ஒன்றோடொன்று சிக்கினாலோ சுவரில் உரசினாலோ முறியும். இறங்கித் தங்க ஏற்ற இடம் கிடைக்காவிட்டால், சட்டையை மட்டும் உரித்துக்கொண்டு லார்வாவாகவே காலம் தள்ளவும் செய்யும். கடலில் நெடுந்தூரம் மிதந்து புதுப்பாறை தேட உதவும் இந்தத் திறமைதான் பொரிப்பகத்தில் வளர்ப்பவரின் பொறுமையைச் சோதிக்கிறது. கடைகளில் விற்கும் துப்புரவு இறால் பெரும்பாலும் கடலில் பிடித்ததாகவே இருப்பதற்கு இதுவே காரணம். இலங்கையும் இந்தோனேசியாவும் இதன் முக்கிய ஏற்றுமதி நாடுகள். இலங்கையில் 1930களிலேயே சிறு அளவில் தொடங்கிய அழகுமீன் ஏற்றுமதியில், இதுவும் செந்நிற உடலில் வெண்புள்ளிகள் கொண்ட லிஸ்மாட்டா டெபெலியஸ் இறாலும் பின்னாளில் மதிப்புமிக்க சரக்காயின.

லார்வாவை அலுங்காமல் மிதக்கவைக்கும் தொட்டிக்கு 'கிரைசல்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் பம்பரம் என்று பொருள். மிதவை உயிர்களை வளர்ப்பதற்காக வுல்ஃப் கிரேவே 1968இல் விவரித்த இந்த அமைப்பில் நீர் மெதுவாக வட்டமாகச் சுழல்வதால், எதுவும் அடியில் படியாது.

வீட்டில் குஞ்சு வளர்க்க முயல்பவருக்கு லிஸ்மாட்டா வுர்டெமானி என்னும் பெப்பர்மின்ட் இறாலே ஏற்றது; இதன் லார்வாக் காலம் ஏறத்தாழ ஒரு மாதம்தான். தொட்டியில் களையாகப் பரவும் ஐப்டேசியா கடற்சாமந்தியைத் தின்பதால் இதற்குத் தேவையும் அதிகம். ஆனால் கடைப்பெயரை நம்ப முடியாது. அட்லாண்டிக்கில் இப்பெயரில் பல இனங்கள் கலந்திருப்பதை ரைன், லின் ஆகியோர் 2006இல் பிரித்துக் காட்டி, நான்கு புது இனங்களை விவரித்தனர். பவளத்தைக் கொறிக்கும் ஒட்டக இறாலையும் சிலர் பெப்பர்மின்ட் என்று வாங்கி ஏமாறுகிறார்கள். அதன் முதுகு கூனியிருக்கும், கண்கள் பெரியவை.

பெப்பர்மின்ட் இறாலின் சினை வெளுத்ததும் தாயைத் தனித்தொட்டிக்கு மாற்றி, பொரிக்கும் இரவில் ஒரு மூலையில் சிறு விளக்கை வைத்தால் லார்வாக்கள் வெளிச்சத்தை மொய்க்கும். வலையால் அள்ளாமல் குவளையால் மொண்டெடுக்க வேண்டும். அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் உயிர் முதல் நாளிலிருந்தே இரை. லார்வா வளர்ந்தபின் கொழுப்பமிலம் ஊட்டிய ஆர்ட்டீமியா கொடுக்க வேண்டும். பழைய ஆர்ட்டீமியாவில் சத்து வடிந்திருக்கும் என்பதால், மிஞ்சியதைத் தினமும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். நான்காவது வாரத்துக்குப் பின் ஒருநாள், தலைகீழாக மிதந்த உயிர்களில் ஒன்று நிமிர்ந்து, அடித்தரையில் கால் ஊன்றி நடக்கத் தொடங்கும்.