கலைமான் கொம்புகள்

சிற்றுரு விமானங்களை ஒட்டிச் சேர்ப்பதைச் சிறுவர் விளையாட்டென்று ஒதுக்குவோர் உண்டு. அளவு பிசகாமல் வார்க்கப்பட்ட ஒரு பிளாஸ்டிக் தொகுப்பு, பொறுமையோடு அணுகுபவருக்கு ஒரு வரலாற்று ஆவணம் என்பதே நம் கட்சி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் இரவுச் சண்டை விமானங்களுள் ஒன்றான யுங்கர்ஸ் 88 ஜி-1-ஐ எடுத்துக்கொள்வோம். 20 மீட்டர் சிறககலம் கொண்ட அவ்விமானம், 1/72 அளவில் 28 சென்டிமீட்டராகச் சுருங்கி நம் மேசைமேல் அமர்கிறது.

முதல் வியப்பு அதன் வண்ணம். இரவில் பறப்பது கருமையாகத்தானே இருக்கும் என்றெண்ணிக் கருப்பு வண்ணப் புட்டியைத் திறப்பவரைக் குறிப்பேடு தடுக்கிறது, பூசவேண்டியது வெளிர்சாம்பல். நிலவொளியிலும், எரியும் நகரங்களின் ஒளியிலும் கரிய உருவம் நிழலாகத் துலங்கிவிடும் என்பதைப் பட்டறிந்தே ஜெர்மானியர் நிறத்தை மாற்றினர்.

இரண்டாவது, மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் ரேடார் ஆன்டெனாக்கள். எளிதில் ஒடியும் என்பதால் இவற்றைக் கடைசியாகவே பொருத்துவர். பிளாஸ்டிக் தடித்துத் தெரிவதால் பித்தளைக் கம்பியை நாடுவோரும் உண்டு. ஜெர்மானியர் இவற்றைக் கலைமான் கொம்புகள் என்றழைத்தனர். இத்தனை பெரிய கொம்புகள் ஏன்? விடை 1943-இல் இருக்கிறது.

அதற்கு முந்தைய லிச்டென்ஸ்டைன் ரேடாரின் அலைநீளம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். 1943 ஜூலை 24 இரவு, ஹாம்பர்க் நகரைத் தாக்கவந்த பிரிட்டிஷ் விமானங்கள் ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியப் பட்டைகளை வானில் தூவின. ஜெர்மானிய ரேடார் திரைகளில் பொய் விமானங்கள் மொய்த்தன. வந்த 791 விமானங்களுள் 12 மட்டுமே வீழ்ந்தன. அத்தாக்குதல் தொடரில் நகரத்து மாந்தர் 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மறுமொழியாக வந்ததே எஸ்என்-2 ரேடார். அதன் அலைநீளம் 3 மீட்டருக்கும் அதிகம். குறும்பட்டைகள் அதை ஏய்க்க இயலவில்லை. அலை நீண்டதால் ஆன்டெனாவும் நீண்டது. நம் சிற்றுருவின் அளவில் பழைய அலையின் பாதி 4 மில்லிமீட்டர். புதியதன் பாதி 2 சென்டிமீட்டருக்கும் மேல். கொம்புகள் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைத்தன. எனினும் இருளில் கண் கிடைத்தது. 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க் சென்ற 795 பிரிட்டிஷ் விமானங்களுள் 95 திரும்பவில்லை. அந்த இழப்பில் இக்கொம்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

சிறகுகளில் ஒட்டவேண்டிய சின்னஞ்சிறு ஆன்டெனாக்களும் உண்டு. அவை ஃபிளென்ஸ்பர்க் என்னும் கருவிக்குரியவை. பின்னால் வரும் பகைவனை உணர்த்துவதற்காகப் பிரிட்டிஷ் விமானங்களின் வாலில் மோனிகா என்ற ரேடார் பொருத்தப்பட்டிருந்தது. அது வீசிய அலைகளையே தடம்பற்றி ஃபிளென்ஸ்பர்க் வேட்டையாடியது. வேலியே பயிரை மேய்ந்த கதை!

1944 ஜூலை 13 அன்று இவ்வகை விமானமொன்று வழிதவறி, இங்கிலாந்தின் வுட்பிரிட்ஜ் தளத்தில் தானாகவே வந்திறங்கியது. பிரிட்டிஷார் கருவிகளை ஆராய்ந்தனர், மோனிகாவைக் கழற்றினர், எஸ்என்-2-ஐ ஏய்க்க நீண்ட பட்டைகளைத் தூவினர். ஒரு விமானியின் திசைப்பிழை எத்தனையோ இளைஞர்களின் உயிரைக் காத்தது.

போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் 55,000-க்கும் மேற்பட்டோர் மடிந்திருந்தனர். கொம்பு நீண்டபோது அவர்கள் இறந்தார்கள். அது குருடானபோது கீழேயிருந்த நகரங்கள் எரிந்தன. இவ்விரண்டில் எதற்காக நாம் மகிழ்வது? தொகுப்பின் குறிப்பேடு எந்தப் பாகத்தை எங்கே ஒட்டுவதென்று மட்டுமே சொல்கிறது. எஞ்சியதை ஒட்டுபவரே தேடிப் படித்துக்கொள்ள வேண்டும். படித்தபின் அக்கம்பிகளைத் தொடும் விரல் சற்றே தயங்குமானால், அத்தயக்கம் நல்லதே.